இரண்டாம் பியானோவின் பதினாறு கட்டங்கள்

1889, மார்ச் 4

1848இல் அரசர் வாடகை வண்டியில் ஏறி ஊரைவிட்டு ஓடினாரே, அதற்கு முந்தைய மாதம். பனி. பாரீஸில் வங்கிக்காரர் திபொதியே வீட்டுக் கூடத்தில் க்ளோத்தில்து வெர்ட்லனும் ஓனோரின் ஓபெலும் இரண்டு பியானோவில் வாசித்தார்கள். உருப்படி ஓனோரின் எழுதியது. பியானோக்கள் எதிரெதிராக, ஒருத்தி கை மற்றவளுக்குத் தெரியாது. கம்பி அறுந்தால் மாற்ற, சுருதி சேர்ப்பவனான நான் ஓனோரினுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தேன்.

மறுமாதம் கலகம். தெருவில் தடுப்புக் கட்ட ஒரு பியானோவை இழுத்துப் போனார்கள். அதன் மேலிருந்த இரண்டாம் பியானோவின், அதாவது ஓனோரின் பங்கின், இசைத் தாள்களும் போயின. திரும்ப எழுதுகிறேன் என்றாள் ஓனோரின். அடுத்த ஆண்டு காலரா அவளைக் கொண்டுபோயிற்று.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல மருமகள் அதேல் எழுதுகிறாள். ஆனால் காதில் விழுந்தது போகாது.

மார்ச் 6

இன்று வெர்ட்லன் அம்மாள் பியானோவுக்குச் சுருதி சேர்க்கப் போனேன். அவருடைய பழைய மாணவி ஃபூர்நெல் அம்மாள், உலகக் கண்காட்சிக்கு வரும் விருந்தாளிகளுக்காக மே மாதம் அந்த உருப்படியை வைக்கலாமா என்று கேட்டிருக்கிறாராம்.

"பாதியை வெச்சுக்கிட்டு என்னத்த வாசிக்கறது, அன்ஸெல்ம்? நாப்பது வருஷமா அதைத் தொடலையே. நடுவுல அந்த இடம்... எல்லாரும் எழுந்து நின்னாங்களே. அது ஓனோரினோட கை. என்னுது இல்ல."

"எனக்கு முழுசும் ஞாபகம் இருக்கும்மா. நான் சீட்டியடிக்கறேன், நீங்க எழுதுங்க."

சிரித்தார். பிறகு மேசையிலிருந்து தாள் எடுத்தார்.

மார்ச் 19

தாளக்கோடு போட்டு நாற்பது கட்டம் எழுதி முடிந்தது. உதடு வெடித்துவிட்டது. அதேல் வெண்ணெய் தடவச் சொல்கிறாள்.

ஏப்ரல் 8

அந்த இடம் வந்தது. நான் சீட்டியை நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"இங்க அவங்க வாசிக்கலம்மா. பதினாறு கட்டமும் கை மடியில இருந்துச்சு."

"மறந்துட்டேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். கதை விடாதே."

"மறக்கல."

"எனக்குக் கேட்டுச்சு அன்ஸெல்ம்! அந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. இந்தக் காதால கேட்டேன்!"

வெளியே போ என்றார். போனேன். இத்தனை வருஷம் இதை ஏன் சொல்லவில்லை நான்? அவருக்குத் தெரியும் என்றல்லவா இருந்தேன் — அவர் வாசித்தது அவருக்கே தெரியாமல் இருக்குமா?

ஏப்ரல் 9

தூங்கவில்லை. கை மடியில்தான். நீலக் கல் மோதிரம், இடது கை மேலே. கால் மட்டும் —

கால்! வலது காலால் பியானோவின் மிதியைக் கடைசிவரை அழுத்திப் பிடித்திருந்தாள்.

ஏப்ரல் 11

அவர் கதவைத் திறக்கவில்லை. நாளையும் போவேன்.

ஏப்ரல் 15

ஐந்தாம் நாள் திறந்தார். ஃபூர்நெல் வீட்டில் இரண்டு பியானோ இருக்கிறதே, ஒரே ஒரு தடவை வாருங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். நான் இரண்டாம் பியானோவில் உட்கார்ந்து மிதியை அழுத்தினேன். கை மடியில்.

நான்கு கட்டம் வாசித்தார். சட்டென்று கையை எடுத்தார். கூடம் முழுக்க ஒலி அடங்காமல் நின்றது.

"யாரு வாசிக்கறது?"

"யாரும் இல்லம்மா. மிதிச்சா கம்பிங்கள அமுக்கியிருக்கற கட்டை விலகிடும். நீங்க அங்க அடிக்கறதுக்கு இதுங்க தானா அதிருது."

எழுந்து வந்து என் கையைப் பார்த்தார். குனிந்து காலைப் பார்த்தார். "அப்போ அந்தக் கைதட்டல்..." என்றார். திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்கினார்.

ஏப்ரல் 27

ஃபூர்நெல் அம்மாள்தான் இரண்டாம் பியானோ. முரண்டு பிடிக்கிறார்.

"எல்லாரும் பாக்கற இடத்துல நான் பொம்மையாட்டம் உட்காரணுமா? ரெண்டு சுர ஓட்டம் சேத்துக்கறேனே!"

"ஒரு சுரம் சேத்தாலும் நான் சுருதி சேக்க மாட்டேன்," என்றேன்.

"உன்ன விட்டா ஊர்ல ஆளே இல்லையா?"

"இருக்காங்க. அவங்க யாரும் அன்னிக்கு அங்க இல்ல."

வெர்ட்லன் அம்மாள் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

மே 12

இன்று வாசித்தார்கள். நான் அதே போல முக்காலியில். அந்த இடம் வந்தபோது ஃபூர்நெல் அம்மாளின் கை எழும்பியது. அவரைப் பார்த்தேன். கை மடிக்கு இறங்கியது. கால் அழுத்தியது.

வெர்ட்லன் அம்மாளுடையவை எழுபத்தொரு வயது விரல்கள். இரண்டு இடத்தில் தடுக்கின. நிற்கவில்லை.

எல்லாரும் எழுந்து நின்றார்கள். இந்த முறை அவர் அதை வாங்கிக்கொண்டார்.

மே 13

தெருவில் போகும்போது வெர்ட்லன் அம்மாள் வீட்டு ஜன்னலிலிருந்து அந்தத் தடுக்கிய இடம் திரும்பத் திரும்பக் கேட்டது.

அன்று அந்தக் கூடத்தில் இருந்தவர்களை அதேலிடம் வரிசையாகச் சொன்னேன். ஓனோரின், காலராவில். திபொதியே, ஊரைப் பகைவர் முற்றுகையிட்ட குளிர்காலத்தில். அவர் மனைவி, அதற்கு அடுத்த வசந்தத்தில். புல்லாங்குழல் வாசித்த கசால், போன ஆண்டு.

"நீங்க இருக்கீங்களே, மாமா."

நான் கம்பி பார்க்க வந்தவன். வாசித்தவர்களில் உயிரோடு இருப்பவரை எழுது என்றேன்: க்ளோத்தில்து வெர்ட்லன்.