மேல் ஜன்னல் துப்பாக்கி

கார்த்திகை 3, புதன்

விடியலிலிருந்து மழை. புயல் கூண்டு ஏற்றியாயிற்று. கடலுக்கும் இல்லை, ஏரிக்கும் இல்லை. படகை மேலே இழுத்துக் கட்டியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

செய்ய வேண்டியது: சமையல்கட்டு மேல் தார்ப்பாய். சரளாவுக்கு பிரஷர் மாத்திரை. கிழிந்த வலை.
செய்தது: கேம்.

மகள் ப்ரியாவுக்குக் காலேஜ் லீவு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த தன் பழைய லேப்டாப்பில் ஏற்றித் தந்தாள். இருபது வருடத்துக்கு முன் பொன்னேரி பிரவுசிங் சென்டரில் மீன் நாற்றத்தோடு உட்கார்ந்து ஆடிய அதே துப்பாக்கிச் சண்டை. அதே சுவர், அதே மரப்பெட்டி, அதே செருப்புச் சத்தம். உலகத்தில் இன்னும் யாரோ இதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கே ஒரு கும்பிடு.

முதல் ஆட்டம்: சுட்டது 2, செத்தது 19. அந்த இரண்டில் ஒருவன் நம்ம பக்கத்து ஆள்.

சரளா: "நாப்பத்தாறு வயசுல துப்பாக்கி எடுத்துக்கினு யாரச் சுடப் போற? மொதல்ல அந்தக் கொசுவ அடி."

கார்த்திகை 4, வியாழன்

மழை. மத்தியானம் கரண்ட் இருந்தது.

கண்ணாடி போட்டால் கீபோர்டு தெரிகிறது, திரை மங்குகிறது. கழற்றினால் திரை தெரிகிறது, விரல் தடுமாறுகிறது. நைலான் நரம்பு வலை அறுத்துக் காய்த்த விரல். எதிரி வருவது மூளைக்குத் தெரிந்து கை அசைவதற்குள் நான் பிணம். ஆனால் செத்தால் இரண்டு நிமிடம், அடுத்த சுற்றில் உயிர். வேறெங்கே இப்படிக் கிடைக்கும்?

எங்கள் பக்கம் நான்கு பேர். நான், இரண்டு ஹிந்திக்காரப் பையன்கள், எஸ்7 என்று ஒருவர். மைக்கில் ஹலோ என்றதும் பையன்கள் அங்கிள் ஆக்கிவிட்டார்கள். போகட்டும். மரியாதையாகத்தான் சொல்கிறார்கள்.

இந்த ஆட்டத்தில் மேல் ஜன்னல்தான் ராஜ இடம். நீளத் துப்பாக்கியோடு அங்கே உட்கார்ந்தால் வருகிறவன் எல்லாம் காலி. ஊரே அதற்கு அடித்துக்கொள்ளும். இந்த எஸ்7 ஒரு சுற்று உட்கார்கிறார், அடுத்த சுற்றில் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு நகர்கிறார். பையன் 1, பையன் 2, பிறகு நான். வரிசை தவறுவதே இல்லை. பேசுவதும் இல்லை. என் முறையில் நான்கு பேரைச் சாய்த்தேன். சந்தோஷத்தில் இரண்டு தோசை கூட.

கார்த்திகை 6, சனி

தூறல். ஏரித் தண்ணீர் கலங்கிவிட்டது. மழை விட்டால் இறால் இறங்கும்.

மா. 4. பையன் 2 கையில் துப்பாக்கி. அடுத்து நான். திடீரென்று ஆட்டம் நின்றது, அந்தச் சுற்றே ரத்தாகி எல்லாரும் முதல் இடத்துக்கு வந்தோம். துப்பாக்கி எனக்கு வரும் என்று போய் நின்றேன். எஸ்7 அதை மறுபடி பையன் 2 முன்னால் வைத்தார். வந்தது பார் கோபம். மைக்கை அணைத்துவிட்டு, என் முறையைத் திருடுகிறான் என்று வாயில் வந்ததைத் திட்டினேன். ப்ரியா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகுதான் உறைத்தது. ரத்தான சுற்று கணக்கில் வராது. முறைக்காரனுக்கே அது திரும்பக் கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கு துப்பாக்கி ஆட்டக்காரன் எவனுக்கும் வராது. எங்கள் ஏரிக்காரனுக்குத்தான் வரும்.

"பழவேற்காடா?" என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன். ஒரு சுற்று முடிந்தது. பிறகு: "யாரு."

என் பெயரைத் தட்டினேன். குமார்.

பட்டியலிலிருந்து எஸ்7 மறைந்துபோனது.

சேகர்தான். அன்று பொன்னேரியில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து ஆடிய சேகர். வேறு யாராக இருந்தாலும் ஓடியிருக்க மாட்டான்.

கார்த்திகை 7, ஞாயிறு

மழை இல்லை, காற்று. எஸ்7 வரவில்லை.

எழுதிவிடுகிறேன். எங்கேயும் எழுதியதில்லை.

ஏரியில் இறால் விழும் இடம் எல்லாருக்கும் போதாது. அதனால் குப்பத்தில் வரிசை கட்டி வலை இறக்குவோம். பாடு என்போம். இன்று ஒருவன், நாளை அடுத்தவன். குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று யாரும் இறங்கக்கூடாது. அந்த நாள் கணக்கில் சேராது, அன்றைய முறைக்காரனுக்கு மறுநாள் கிடைக்கும்.

பன்னிரண்டு வருடம் முன், இதே மழைக்காலம். சேகர் முறையன்று சாவு. நான் மாமியார் வீட்டில் இருந்தேன், தெரியாது. மறுநாள் இருட்டோடு வந்து, என் நாள் என்று வலை இறக்கிவிட்டேன்.

விடிந்ததும் கரையில் சேகர். கூப்பிடு தூரம். தோளில் வலை. முறை இல்லாதவன் வலையோடு நிற்க மாட்டான். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. வலையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் இறால் விழ ஆரம்பித்திருந்தது, வருடத்துக்கு ஒரு தடவை விழுகிற மாதிரி. குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தேன்.

பஞ்சாயத்தில், தெரியாது, யாரையும் பார்க்கவில்லை என்றேன். ஊர் நம்பியது. சேகர் கொதித்துப்போய்ப் பெரியவர்கள் மேலேயே பாய்ந்தான். மன்னிப்புக் கேள் என்றார்கள், அவனை. கேட்கவில்லை. பெண்டாட்டியோடு மங்களூர் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போனவன்தான்.

கார்த்திகை 9, செவ்வாய்

வெயில். கூண்டு இறக்கியாயிற்று. கா. 5க்கு ஏரி. சுமாரான இறால், இரண்டு நல்ல நண்டு. பனிக்கட்டிக்கு ஒரு மணி நேரம் நின்றேன்.

மா. 3. எஸ்7 இருந்தான்! என் பக்கத்திலேயே. என் முறை வந்ததும் துப்பாக்கியை என் காலடியில் வைத்தான். என்மேல் என்ன கோபம் இருந்தாலும் முறையை மறுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சுற்றில் யாரையும் சுடவில்லை.

ராத்திரி சாப்பாட்டில் சரளாவிடம் சொல்லிவிட்டேன், கரையில் அவனைப் பார்த்தது உட்பட. சாதம் போட்ட கை நின்றது. "அந்த வாரந்தான் இந்தத் தோடு வாங்கியாந்த" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம்.

கார்த்திகை 11, வியாழன்

மேகம். வலைக்கு ஈயக்குண்டு வாங்க வேண்டும். சரளா வெறுங்காதோடு இருக்கிறாள்.

மா. 3.30. சுற்று ஆரம்பிக்குமுன் தட்ட ஆரம்பித்தேன். ஒரு விரலால், தமிழை ஆங்கில எழுத்தில். அன்னிக்கு உன்னைப் பார்த்தேன். உன் முறைன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் தூக்கல. பஞ்சாயத்துல பொய் சொன்னேன். ஊர்ல எல்லாருக்கும் சொல்றேன், நீ வந்தாலும் வராட்டியும்.

தட்டி முடிப்பதற்குள் மூன்று தடவை செத்தேன். பையன்கள் "அங்கிள், அங்கிள்" என்று கத்தல். அவர்களுக்கு ஒரு எழுத்தும் புரிந்திருக்காது, நல்லவேளை.

எஸ்7 அசையாமல் நின்றான். எவனோ வந்து சுட்டுவிட்டுப் போனான். பிறகு பட்டியலில் இல்லை.

சரி. சொல்லியாயிற்று. வராவிட்டாலும் சொல்லியாயிற்று. நாளைக்குப் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்க்க வேண்டும்.

கார்த்திகை 12, வெள்ளி

வெயில், கொண்டல் காற்று. கா. 9க்குத் தலைவர் வீடு. முழுக்கக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன் என்றேன். திரும்பும்போது நடை லேசாக இருந்தது. அந்த மழைக்கும், தடுமாறும் விரலோடு ஆடும் என்னைத் துரத்தாத பையன்களுக்கும், ப்ரியாவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

மா. 3. எஸ்7. பையன்கள் இல்லை. முதல் தடவையாக மைக்கில் பேசினான். குரல் கட்டையாகிவிட்டது.

"நீ பாத்தது எனக்குத் தெரியும்டா. தலையக் குனிஞ்சியே, அப்பவே தெரியும்."

லேப்டாப்பில் சத்தத்தைக் கூட்டினேன். அவனே தொடர்ந்தான்.

"ஏன் கத்தலன்னு பஞ்சாயத்துல கேட்டானுங்க. நீயா தூக்கிக்கினு வருவன்னு நின்னேன். மத்தியானம் வரைக்கும் நின்னேன்."

எங்கள் இரண்டு பேரையும் எதிரிகள் வந்து சுட்டார்கள். மறுபடி உயிர் வந்தது. மறுபடி சுட்டார்கள். இரண்டு பேரும் நகரவில்லை. நான் அழுதேன். ப்ரியா வாசலில் நிற்பது தெரிந்தும் அழுதேன். மன்னிச்சுடுறா என்று எத்தனை தடவை சொன்னேனோ.

அவன் பக்கம் பாத்திரச் சத்தம். அவன் பெண்டாட்டி குரல், யாருகிட்ட இவ்ளோ நேரமா பேசிக்கினு கீற என்று.

மைக் கரகரத்து நின்றது. வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"நம்ம குமாருகிட்ட."