அது ஞானப்பாட்டு இல்லை, அண்ணே

இன்று காலை கடையைத் திறந்ததும் நீ விட்டுப்போன இசைத்தட்டு ஒன்றை அட்டையிலிருந்து உருவினேன். ஏலக்காய் வாசம் குப்பென்று வந்தது. பூச்சி வராமல் இருக்க ஒவ்வோர் அட்டைக்குள்ளும் நீ போட்டு வைத்த காய்கள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. கடை முழுக்க உர நெடி. அதற்கு நடுவே நீ. முதல் ஆள் உள்ளே வருவதற்குள் கொஞ்சம் அழுதுகொண்டேன். பிறகு சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

சின்னமனூரில் உரக்கடை நடத்துகிற ஒருத்திக்கும், ராயப்பன்பட்டியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருத்திக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டில் என்ன வேலை என்று நம் காதுபடவே கேட்டார்கள். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து கேட்டார்கள். உனக்கு அந்தப் பழைய ஸோல் பாட்டுகள், வேதக்கோயில் குரலை எடுத்துக்கொண்டு காதலையும் கோபத்தையும் பாடுகிறவை. எனக்கு ஹிப்ஹாப், தாளத்தின் மேல் ஏறி நின்று நியாயம் கேட்கிறது. ஆளுக்கொரு பைத்தியம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் போன் பண்ணுவாய். "இந்த வாரம் ஒனக்கு எதுடி சுத்துது?" திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரே ஒரு பாட்டைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு சொன்னால் இரண்டும் செல்லாது. உன் பாட்டு இருக்கும் தட்டைப் பழைய சேலைத் துணியில் சுற்றி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுவாய். நான் நிறுத்தத்தில் நின்று வாங்கிக்கொள்வேன். லிங்க் அனுப்பினால் போதுமே என்றால் கோபம் வரும். "லிங்க்க நாளைக்குக் கேப்போம்னு தள்ளிப்புடுவாக. தட்டு வீடு தேடி வந்துட்டா கேட்டுத்தான ஆகணும்?" ஒருமுறை டிரைவர் அதைச் சூடான இன்ஜின் பெட்டி மேல் வைத்துவிட்டார். அப்பளமாக வளைந்து வந்தது. அதையும் விடாமல் போட்டோம். பாடகியின் குரல் மேலே ஏறி, பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது. "நம்ம ரோடு அப்பிடி. அவ என்ன செய்வா பாவம்" என்றாய்.

என் பாட்டுகளைக் கடையிலேயே போடுவேன். மார்க்கையன்கோட்டையிலிருந்து யூரியா வாங்க வந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, இந்தாளு யாரப் போட்டு இப்பிடி வையிறான்?" தெருவில் சும்மா நடந்து போனவனைப் போலீஸ் நிறுத்தி அடித்ததைப் பாடுகிறான் என்றேன். "அப்பச் சரி. நல்லா வையட்டும்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். இதை உன்னிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் எடுத்தது. பிறகு உன் தட்டு ஒன்றைப் போட்டு, நடுவில் ஊசியை வைத்தாய். என் பாட்டின் தாளம் அதிலிருந்துதான் வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. "ஒம் பாட்டுக்கு ஆத்தா இவதாண்டி" என்றாய்.

நோய் வந்த பிறகு உனக்கு ஒரே பாட்டுதான் ஓடியது. ஆர்கன் மெல்ல ஆரம்பிக்கும். பிறகு ஒரு பெண் சொல்வாள்: உன் வாசலில் காத்திருந்தது போதும், என் பையை எடுத்துக்கொண்டேன், இனிமேல் திரும்ப மாட்டேன். நீயும் அப்படி ஒரு பையோடு கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வந்தவள்தான். அடி வாங்கிய கையோடு வந்தாய். உன் அண்ணன் அடுத்த வாரமே உன்னைத் திரும்பக் கொண்டுபோய் விடப் பார்த்தார். நீ போகவில்லை. அதைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் பேசியதும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "என்னைய வீட்ட விட்டு எடுக்கயில இதத்தான் போடணும். ஒப்பாரி மாதிரி இழுக்குறதெல்லாம் எனக்கு வேணாம்."

நீ போன அன்றைக்கு உன் அண்ணனிடம் சொன்னேன். "சாவு வீட்ல இங்கிலீசுப் பாட்டா? ஊரு என்னம்மா சொல்லும்?" என்றார். பாடகர் குழு வந்திருக்கிறது, அது போதும் என்றார். மைக்செட்காரர் என் கடைக்கு வந்து போகிறவர். என் போனை மாட்ட வயரைக் கேட்டேன், கொடுத்தார். உன் பெட்டியைத் தூக்கும்போது போட்டுவிட்டேன்.

கோயிலில் கேட்கிற அதே ஆர்கன் சத்தம் கேட்டதும் என்ன ஆயிற்று தெரியுமா? உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கோயில் உபதேசியார் சிலுவை போட்டுக்கொண்டார். பெண்கள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்கள். உன் பெரியம்மா என் காதருகே, "மாதாவ நெனச்சு என்னமா உருகுறா!" என்றார். உன் அண்ணனே கண்ணைத் துடைத்துக்கொண்டு நெஞ்சில் கை வைத்தார். புருஷனை உதறிவிட்டுப் போகிற பாட்டுக்கு, வார்த்தை புரியாமல், ஊரே பக்தியோடு நின்றது. பெட்டிக்குள் நீ சிரிப்பை அடக்க முடியாமல் கிடப்பதாகவே எனக்குத் தோன்றியது.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். விட முடியவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் உன் அண்ணன் போன் பண்ணினார்.

"அந்த ஞானப்பாட்ட அனுப்பும்மா. கோயில்ல போடுவோம். தங்கச்சிக்கு மாதா மேல அம்புட்டுப் பக்தின்னு எல்லாரும் சொல்றாக."

ஆமென்று சொல்லியிருந்தால் உன் பாட்டு கோயிலுக்குள்ளேயே ஒலித்திருக்கும். ஆனால் அதில் நீ இருந்திருக்க மாட்டாய். உயிரோடு இருந்தபோது திருப்பி அனுப்ப முடியாத உன்னை, போன பிறகு இப்படி நல்லபிள்ளையாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"அது ஞானப்பாட்டு இல்லண்ணே" என்றேன். "அடிச்ச புருஷன விட்டுட்டு வந்த ஒருத்தி பாடுறது. ஒங்க தங்கச்சிக்கு அதான் புடிச்சது. எதுக்குப் புடிச்சதுன்னு ஒங்களுக்கே தெரியும்."

"அப்ப அது வேணாம்" என்றார்.

"கோயில்ல வேணாம். கல்லறையில நான் போடுவேன்."

"ஒனக்கு என்ன அம்புட்டுத் திமிரு?"

"ஒங்க தங்கச்சி சேர்க்கைதான்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

உன்னிடமிருந்து வந்தவற்றில் எனக்கென்று தங்கியது இந்தத் திமிர் ஒன்றுதான். தட்டுகளை யாரிடமாவது கொடுத்துவிடலாம். இதை யாருக்கும் தர மாட்டேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் எதிர்த்துப் பேசினாள் என்று ஆள் வரும்போதெல்லாம் உள்ளுக்குள் உன் பெயரைச் சொல்லிக்கொள்கிறேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறையில் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தும் ஆயிற்று. நான் பையிலிருந்து சின்ன ஸ்பீக்கரை எடுத்து உன் தலைமாட்டில் வைத்தேன். அது என்ன பாட்டு என்பது ஊருக்குள் பரவியிருந்தது. ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். உன் பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போனார். உன் அண்ணனும் வெளிவாசல் வரை போனார். அங்கே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பாட்டில் அந்தப் பெண் பையை எடுத்தாள், கதவைத் தாண்டினாள், திரும்ப மாட்டேன் என்றாள். பாட்டு முடிந்தது. அவர் போகவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் முதலிலிருந்து மறுபடி போட்டேன்.