தேங்காத தண்ணீருக்கு ஒரு பெயர்

இன்று காலை அந்தப் பழைய அகராதியைத் திறந்ததும் கார்பன் தாளின் வாசனை வந்தது. உள்ளே நம் மனுவின் நகல். தட்டச்சு எழுத்தெல்லாம் மங்கிவிட்டது. நீ பேனாவால் அடிக்கோடிட்ட ஒரு சொல் மட்டும் பளிச்சென்று நிற்கிறது: ஃப்ரெஷெட்.

நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. இந்த ஆபீஸ்காரர்களோடு தனியாகச் சண்டை போட என்னை விட்டுப் போனாயே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தாம்பரம்–பீச் மின்ரயிலில் உனக்குக் கிடைத்த சொல் அது. குரோம்பேட்டையில் இங்கிலீஷ் பேப்பர் குறுக்கெழுத்தைத் தொடங்கினால் கிண்டிக்குள் முடித்துவிடுகிறவள் நீ. அன்று 'பாய்ந்தோடும் நீர், ஏழு எழுத்து' உன்னை பீச் வரை படுத்தியது. மறுநாள் விடையைப் பார்த்துவிட்டு அகராதியோடு என் வீட்டுக்கு ஓடிவந்தாய். மழையாலோ உருகும் பனியாலோ ஆற்றில் திடீரெனப் பெருகிவரும் வெள்ளம் என்றிருந்தது. கடலில் போய்க் கலக்கும் நன்னீர் ஓடை என்றும் இருந்தது.

"பனியை விடுடி, நமக்கு மழையே போதும். ரெண்டுலயும் தண்ணி ஓடுது. நிக்குதுன்னு எங்கயாவது போட்டிருக்கா பாரு" என்றாய்.

உன் சந்தோஷத்துக்குக் காரணம் இருந்தது. முடிச்சூர் பக்கத்தில் நம் தெருவை ஒட்டி, ஏரியின் உபரிநீர் போகும் கால்வாய்க்குக் குறுக்கே ஒருவர் சுவர் எழுப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஐப்பசி பிறந்தால் தண்ணீர் நம் சமையலறைகள் வழியாகத்தான் போனது. எத்தனை மனு போட்டாலும் ஒரே பதில்: 'வாட்டர் ஸ்டாக்னேஷன், மோட்டார் வைத்து இறைக்கப்படும்.' தேங்கிய தண்ணீர் என்று நாம் ஒப்புக்கொண்டால் மோட்டாரோடு கதை முடிந்தது. சுவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த நான் புது மனுவை அடித்தேன். நீ சொன்னபடி அந்தச் சொல்லைப் போட்டேன். அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார்.

"எதுக்கும்மா இந்த டிக்‌ஷனரி இங்கிலீஷ்? ஸ்டாக்னேஷன்னு மாத்திக் குடுங்க, இன்னிக்கே மோட்டார் அனுப்பறேன்."

மாற்றித் தருகிறேன் என்று தலையாட்டியவள் நான்தான். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நீ என் கையிலிருந்து மனுவைப் பிடுங்கி அவர் மேஜையிலேயே திரும்ப வைத்தாய்.

"புரியலைன்னா தேடுங்க சார். எங்க வீட்டுக்குள்ள ஓடுற தண்ணிக்கு நீங்க என்ன பேர் வைக்கறது? மழையில வந்து பாருங்க, அப்புறம் மாத்தறேன்."

அவர் வரவில்லை. நீயும் விடவில்லை. கடிதங்களும் புகார்களும் வெள்ளம்போல் குவிந்தால் அதையும் அந்தச் சொல்லால் சொல்லலாம் என்று அகராதியில் கண்டுபிடித்து, வாரம் ஒரு மனு அடிக்க வைத்தாய். என் விரல் வீங்கிப் போனது. கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு கொட்டும் மழையில் குடையோடு வந்து சேர்ந்தார். தெருமுனையில் முழங்கால் தண்ணீர். நாலு அடிதான் வைத்தார், ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று போனது. இஸ்திரி வண்டிக்காரர் கத்தினார்: "சார், உன் செருப்பு அந்தச் செவுத்தாண்ட கீது சார்!"

நீ மெதுவாகக் கேட்டாய். "தேங்கி நிக்கிற தண்ணி செருப்பை இழுத்துட்டுப் போகுமா சார்?"

அந்த வாரமே சுவரில் ஒரு கதவகலத்துக்கு வழி விட்டார்கள். தெருவே கேசரி கிண்டிக் கொண்டாடியது. நீயோ மீதிச் சுவருக்கு மனு எழுத உட்கார்ந்துவிட்டாய்.

அந்த வழியையும் இப்போது அடைத்துவிட்டார்கள். போன மழைக்கு மறுபடி என் சமையலறையில் தண்ணீர் ஓடியது. நேற்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் மனுவோடு வந்தார். முதல் வரியே வாட்டர் ஸ்டாக்னேஷன். நான் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு உன் சொல்லை எழுதினேன். எழுத்து சரிதானா என்று பார்க்கத்தான் இன்று அகராதியை எடுத்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

"ஆன்ட்டி, இது ஆபீஸ்ல யாருக்குமே புரியாதே" என்றார் செயலாளர், நேற்று நான் அதை எழுதியதுமே.

இந்த முறை நான் தலையாட்டவில்லை.

"புரியலைன்னா தேடட்டும். தேடியும் புரியலைன்னா மழையில வரச் சொல்லுங்க தம்பி. செருப்பு போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க."