உறவினர் யாராவது உண்டா

என் தங்கச்சிக்கு,

பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தாயா? அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய்.

பழங்குடிப் பிள்ளைகள் கல்லூரியைப் பார்க்க வருகிறார்கள், ஆய்வகத்தை நீயே சுற்றிக் காட்டு என்று பேராசிரியர் சொன்னார். பட்டியலில் உன் பெயர் இருந்தது. லீவு போட்டிருக்கலாம். உன்னைப் பார்க்கும் ஆசை விடவில்லை.

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்ததும் சந்தோஷம் தாங்காமல் நம் பாஷையில் கத்திவிட்டாய். பேராசிரியர் என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்லுது இந்தப் பொண்ணு?" என்றார்.

"தெரியலையே சார். அவங்க பாஷை போல."

அவங்க பாஷையாம்! நீ கத்தியது, "அக்கா, வந்து பாரேன்!" என்று. ஆறு வருஷமாக இங்கே நான் யார் வீட்டுப் பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. அதற்காக உன்னையே விட்டுக் கொடுத்துவிட்டேன்.

நீ என் முகத்தை ஒரு தடவை பார்த்தாய். பிறகு, "ஒண்ணுமில்ல மேடம், ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னேன்" என்று நீயே என்னைக் காப்பாற்றினாய்.

சாயங்காலம், இங்கே சேர்வதற்காக நீங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களை அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. உன்னுடையது இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. 'இக்கல்லூரியில் உறவினர் எவரேனும் பணிபுரிகிறார்களா?' என்ற கட்டத்தில் முதலில் 'அக்கா' என்று எழுதியிருக்கிறாய். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று போட்டிருக்கிறாய்.

இப்படிக்கு,
நீ அடித்துவிட்ட அந்த ஆள்