மேலத்தெருவுக்குப் போன பட்டுப்புடவை

அன்பு மகன் இனியவனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், மெல்போர்னில் நீயும் மருமகள் குந்தவையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதுகிறேன், உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நான் ஆரம்பித்ததுமே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது.

நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது திருவிடைமருதூர் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா. குடிக்கத் தண்ணீர் கேட்ட இடத்தில் அந்தக் கடைக்காரர் முதலில் நம் ஊரைக் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார், பிறகு நீட்டிய டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு உன் கையில் ஊற்றினார். பஸ்ஸில் ஏறியதும், "ஏம்ப்பா, ஊர் பேரச் சொன்னப்புறம் தெருவ எதுக்குக் கேக்குறாங்க?" என்றாய். நான் சுற்றி வளைக்கவில்லை. மேலத்தெரு என்றால் நிலம் வைத்திருந்தவர்கள், கீழத்தெரு என்றால் அந்த நிலத்தில் இறங்கி உழைத்தவர்கள், சாதியைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் தெருவைக் கேட்பார்கள் என்றேன். கேட்டா என்ன சொல்லட்டும் என்றாய். கேட்டவர் காதில் விழுகிற மாதிரி கீழத்தெரு என்று சொல் என்றேன். உடனே ஜன்னலில் தலையை நீட்டி, ஓடுகிற பஸ்ஸிலிருந்து, "கீழத்தெரு!" என்று கத்தினாய். கண்டக்டர் சிரித்துவிட்டு உன்னை உள்ளே இழுத்து உட்கார வைத்தார்.

அந்தப் பையனைத்தான் போன மார்கழியில் கும்பகோணத்துப் பட்டுக்கடையில் தேடினேன், காணவில்லை. லீவில் குந்தவையோடு வந்த நீ எங்களுக்காக ஒரு நாள் ஒதுக்கினாய், கார் பிடித்தாய், நல்லதுதான். காலையில் இட்லியும் கடப்பாவும் வாங்கிக் கொடுத்தாய், டிகிரி காபி வாங்கிக் கொடுத்தாய், பாத்திரக்கடையில் குந்தவைக்குக் குத்துவிளக்கு பார்த்தோம், உன் அம்மா அன்று சிரித்த சிரிப்பை நான் நெடுநாளாகப் பார்த்ததில்லை. பங்குனியில் உன் தங்கை செம்மொழி புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறாளே, அதற்குக் கட்டிக்கொள்ள அம்மாவுக்கு ஒரு பட்டு என்று நீதான் கடைக்குள் அழைத்துப் போனாய். அரக்கு நிறத்தில் பச்சைக் கரை போட்ட புடவையை மடியில் விரித்து அவள் தடவிக்கொண்டிருந்தாள். கல்லாவில் இருந்தவர் ஊரைக் கேட்டார், நான் சொன்னேன். எந்தத் தெரு என்றார். நான் வாய் திறப்பதற்குள் நீ, "மேலத்தெருங்க" என்றாய். "அப்புடியா! தொரராசு அண்ணன் வீட்டுப் பக்கமா?" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார். "சொந்தந்தாங்க" என்றாய். "அதான பாத்தேன், மொகத்தப் பாத்தாலே தெரியுதே" என்று சொல்லிக் காபி கொண்டுவரச் சொன்னார். உன் முகத்தில் துரைராசுவைக் கண்ட அந்த மனிதரை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் அன்று வரவில்லை. உன் அம்மா புடவை மேலிருந்த கையை எடுத்துவிட்டாள். எனக்கு வாத்தியார் வேலை கிடைக்கும்வரை அதே துரைராசு வயலில் நடவு நட்டு உனக்குச் சோறு போட்ட கை அது. நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன், அந்தக் கையால்தான் என் முழங்கையை அழுத்தி, நாலு பேர் முன்னால் பிள்ளையைப் பொய்யனாக்க வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

பிறகு சாப்பாட்டுக்கடையில் நடந்ததையும் சொல்கிறேன், நீ கவனிக்கவில்லை. இலையில் வைத்ததை அப்படியே மூடிவிட்டு அவள் கை கழுவப் போனாள். நீ ரசத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தாய், பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கினாய். குந்தவை மட்டும் ஏன் அத்தை சாப்பிடல என்று கேட்டது, அந்தப் பெண்ணுக்கு இருக்கிற கண் உனக்கு இல்லை. காரில் நான் கேட்டதற்கு, "சும்மா ஒரு பேச்சுக்குத்தாம்ப்பா, ஒரு நாளாவது நிம்மதியாக் கட கண்ணிக்கு வந்துட்டுப் போவலாம்னுதான்" என்றாய். நிம்மதி யாருக்கு? வகுப்பில் ஒரு உதாரணம் சொல்லுவேன். நல்ல விதைநெல்லைச் சாக்கில் கட்டி அடுத்த வீட்டுக்காரன் பெயரை அதன்மேல் எழுதினால், நெல் கெடாது, முளைக்கவும் செய்யும், ஆனால் விளைச்சலைப் பார்க்கிறவன் அடுத்த வீட்டுக்காரனைத்தான் மெச்சுவான். அன்று வந்த காபி துரைராசுவுக்கு வந்தது, அதை நீ அவருக்காகக் குடித்தாய். இன்னொன்றும் யோசி, கீழத்தெரு என்று சொல்லியிருந்தாலும் அந்தக் கடைக்காரர் அதே காபியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமலும் இருந்திருக்கலாம். அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள நமக்கு வழியில்லாமல் செய்துவிட்டாய்.

இதோடு போயிருந்தால் நான் காகிதத்தை எடுத்திருக்க மாட்டேன். முந்தானைக்குக் குஞ்சம் கட்டி வீட்டுக்கே அனுப்புகிறோம் என்றார்களே, நீயும் ஆரம்பித்த பொய்யை விடாமல் உன் பெயரையும் மேலத்தெருவையும் எழுதிக் கொடுத்தாயே, பொங்கல் கழிந்து அந்தப் பார்சல் வந்தது. கொண்டுவந்தவன் நீ கொடுத்த நம்பருக்கு அடித்திருக்கிறான், நீதான் மெல்போர்ன் போனதும் அந்த சிம்மைக் கழற்றிவிட்டாயே. இனியவன் வீடு எது என்று மேலத்தெருவில் விசாரித்து, சொந்தக்காரர் என்று கடையில் சொல்லி அனுப்பியதால் துரைராசு வீட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டான். துரைராசு மனைவி மங்களாம்பிகை ஆள் விட்டனுப்பினார். நான் போகிறேன் என்றேன், உன் அம்மா விடவில்லை, மூட்டுவலியோடு அவளே நடந்து போனாள், மனம் கேட்காமல் நானும் பின்னால் போனேன். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்களும் இருந்தார்கள். "ஏன் அம்சம், ஒம் மவன் எங்க தெருவுக்கு எப்பக் குடி வந்தான்? எங்களுக்குச் சொந்தமாமுல்ல, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அந்த அம்மாள் கேட்க எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா தலையைக் குனியவில்லை. "அவன் வல்லீங்கம்மா, பொடவ மட்டுந்தான் வழி தவறி வந்துருக்கு. அதயும் கீழத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போவத்தான் வந்தேன்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே அப்படிப் பேசியவள் வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எதற்கு என்று கேட்டேன். "அவங்க சிரிச்சதுக்கு இல்லீங்க, எம் புள்ள என்னய நெனச்சுக் கூசிட்டானேன்னுதான்" என்றாள். இதை நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் படித்துக்கொள்.

பார்சலை அவள் பிரிக்கவே இல்லை, அந்த விலாசத்துக்கு வந்த புடவை தனக்கு வந்தது ஆகாது என்கிறாள். நானே பஸ் ஏறிப் போய் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். விலாசத்தில் தெரு தப்பு, எழுதிக் கொடுத்தவனே கூப்பிட்டுத் திருத்துவான், அதுவரை வைத்திருங்கள் என்றேன். சரியான தெருவை நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவன் நீ. பால் காய்ச்சுகிற அன்று புடவை வந்திருந்தால் அதைக் கட்டுவாள், இல்லாவிட்டால் பழைய சுங்குடியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டு வாசலில் நிற்பாள், யாராவது கேட்டால் காரணத்தை நான் மறைக்கப் போவதில்லை.

மற்றபடி சம்பா அறுவடை பாதி முடிந்தது, தை மழையில் வயல் காயாமல் மெஷின் ஒருமுறை சேற்றில் இறங்கிவிட்டது, மீதியை அடுத்த வாரம் அறுக்க வேண்டும். செம்மொழி உன்னைப் பற்றிக் கேட்டாள், இந்த விஷயத்தை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அங்கே வெயில் அதிகம் என்கிறார்கள், மோர் குடி. குந்தவையை நான் விசாரித்ததாகச் சொல். கோபத்திலும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன், அதை மாற்றிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

கடையின் நம்பர் பில்லில் இருக்கிறது, பில் உன்னிடம்தான் இருக்கிறது. இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அவர்களைக் கூப்பிட்டு, அந்தக் கல்லாக்காரரிடமே, நம் தெருவின் பெயரை அவர் காதில் விழுகிற மாதிரி சொல்.

உன் அப்பா
கண்ணுசாமி
கீழத்தெரு