ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை

கணபதி, கோவை

அன்புள்ள ரம்ஷாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். என் அத்தாவும் பிள்ளைகளும் சுகம்தானே? நான் சுகம். போன் ரீசார்ஜ் ஆடம்பரம் என்று விட்டுவிட்டதால், புது மாப்பிள்ளை மாதிரி கடிதம் எழுதுகிறேன்.

பட்டறையில் இப்போது பாதி நாள்தான் வேலை. டீயை நிறுத்தினேன், சவரத்தையும் நிறுத்தினேன். அதில் ஒரு கூத்து. பள்ளிவாசல் வாசலில் ஓர் அம்மா, காய்ச்சல் குழந்தையை என் முன் நீட்டி, "ஏனுங்க பாய், கொழந்தைக்கு ஓதி ஊதுங்க" என்றார்.

"நான் லேத் ஓட்டறவனுங்க அம்மணி."

"தாடி இருக்குதுங்களே, சும்மா ஊதுங்க."

ஊதிவிட்டேன். பக்கத்தில் நின்ற, தொழவைக்கும் நிஜ அஜ்ரத் முறைத்த முறைப்பில் எனக்கே காய்ச்சல் வந்திருக்கும்.

இனிச் சிரிக்க ஒன்றும் இல்லை. நேற்று வந்த உன் அண்ணன் யூனுஸ் மச்சான், நீ சர்க்கரை மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுவதாகச் சொன்னார். கேட்டதற்கு, "சீனியில்லாமத்தானே டீ குடிக்கறேன், தினமும் எதுக்குங்கண்ணா" என்றாயாம். மாத்திரையை ஆடம்பரத்தில் சேர்க்கச் சொன்னது யார்? செலவில் வெட்டுவதற்கு என்னிடம் இன்னும் என்ன மிச்சம் என்று யோசித்தேன். ஒன்றுதான் இருந்தது.

பெருநாளைக்கு நான் வரவில்லை. தாராபுரம் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசை மச்சானிடம் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரை வாங்கித் தினமும் போடு. பிள்ளைகளிடம் உங்கள் அத்தாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போர்வை கொடுத்துவிடு. நீ போர்த்துகிற போர்வையே போதும், துவைக்க வேண்டாம்.

மச்சான் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறார்.

முகமது யூசுப்