சோறு எங்கடி?

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். முட்டிவலி குறைந்திருக்கிறதா? தைலம் தீர்ந்தால் தம்பியிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

போனில் சொல்ல மனம் வராததை எழுதுகிறேன், பதறாதீர்கள். போன மாதம் சலவைக்கூடத்தில் துணி வண்டியைத் தள்ளும்போது தலை சுற்றி, அந்தத் துணிமேலேயே விழுந்தேன். மெத்தையில் விழுந்த மாதிரிதான், அடி இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை என்றார்கள். கூட வேலை செய்யும் அக்கா சொல்லி, டாக்டரையும் கேட்டுக்கொண்டு, பேலியோ என்ற சாப்பாட்டு முறைக்கு மாறிவிட்டேன். கற்கால மனிதன் மாதிரி கறி, முட்டை, காய், கீரை. சோறு, ரொட்டி, பருப்பு கூடாது. கற்கால மனிதனுக்கு அறை வாடகை கிடையாது, எனக்கு உண்டு. அதனால் கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரல், கடை மூடும் நேரத்தில் விலை குறைக்கும் வாடிய கீரை, மற்றபடி முட்டைதான். வயிறு நிறைகிறது.

நேற்று அறைத்தோழி என் தட்டை எட்டிப் பார்த்து, "எல்லாம் தொட்டுக்கத்தான் இருக்கு. சோறு எங்கடி?" என்றாள். இருவரும் சிரித்தோம். அப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓர் உதவி செய்யுங்கள். போனை எடுத்ததும் "சோறு சாப்பிட்டியாம்மா?" என்கிறீர்கள். நானும் "ஆச்சுப்பா" என்று பொய் சொல்கிறேன். இனி "சாப்பிட்டியா" என்று மட்டும் கேளுங்கள்.

யாராவது வந்தால், நீங்கள் இடித்த மிளகுப்பொடி கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இங்கே சலவை மெஷின் ஓடி முடிந்துவிட்டது, துணியை எடுக்க வேண்டும்.

அப்பா, அந்த உதவி வேண்டாம். எப்போதும் போலவே கேளுங்கள். சோறு என்ற சொல்லாவது காதில் விழட்டும்.

உங்கள் மகள்